தோட்டத்து ரப்பர் ஷூவில் மலையேற்றம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு மலையைப் பார்க்காமல் இருக்க முடியாது. கிழக்கே திரும்பினால் தித்திவங்சா மலைத்தொடர், ஈப்போ பக்கம் போனால் சுண்ணாம்புக் குன்றுகள், அதையும் தாண்டினால் கிளேடாங் காடு. அப்படியிருந்தும் என் வயதுக்காரர்களில் காட்டுக்குள் கால் வைத்தவர்கள் குறைவு. ரப்பர் பால்மரத்துக்கும் செம்பனைக்கும் நடுவே வளர்ந்துவிட்டு அதையே காடு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். "சர்க்கரை எல்லையில் நிற்கிறது, நடங்கள்" என்று கிளினிக்கில் சொன்ன பிறகுதான் நான் நடக்க ஆரம்பித்தேன். குடியிருக்கும் தாமானை எத்தனை சுற்றுதான் சுற்றுவது? அலுத்துப்போய், கூட வேலை செய்யும் தோழியோடு மலைப்பக்கம் திரும்பினேன்.

வீட்டில் முதல் எதிர்ப்பு பாட்டியிடமிருந்து வந்தது. "மரம் பாக்கணும்னா பின்னாடி செம்பனை இருக்கே, அதப் பாரு. காட்டுல ஒனக்கு என்னம்மா வேல?"

பாட்டியைக் குறை சொல்ல முடியாது. 1948 ஜூன் 16ஆம் தேதி எங்கள் ஊரை ஒட்டிய எல்பில் தோட்டத்திலும் பக்கத்தில் இன்னொரு தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து, காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க அறிவித்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. தோட்டங்களில் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். காட்டிலிருப்பவர்களுக்குச் சாப்பாடு போகாமலிருக்க உணவுக் கட்டுப்பாடு இருந்த இடங்களில் வேலைக்குப் போகிறவர்கள் சோறு கட்டிக்கொண்டு போகக்கூடாது. வாசலிலேயே சோதனை நடக்கும். அந்த வேலிக்குள் வளர்ந்த பிள்ளைக்குக் காடு என்றால் துப்பாக்கிச் சத்தம்தான். அந்தப் பயம் அம்மாவுக்கு வந்து, அம்மாவிடமிருந்து எங்களுக்கும் வந்துவிட்டது. நம் தோட்டப்புறக் குடும்பங்கள் காட்டோரத்திலேயே குடியிருந்தும் காட்டுக்கு அந்நியமாகிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், புதிதாக மலையேறுகிறவருக்குத் தெரிய வேண்டியதில் பாதி, பால்வெட்டுக்குப் போன அதே பாட்டிக்குத் தெரிந்திருந்தது. இதை நான் மெதுவாகத்தான் கவனித்தேன்.

முதலில் நேரம். பால்வெட்டுக்காரர்கள் இருட்டோடு எழுந்து, பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குள் இறங்கிவிடுவார்கள். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் நின்றுவிடும். மதியத்துக்குள் பால் எடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிவிட வேண்டும், ஏனென்றால் அப்புறம் மழை. மலையேற்றத்துக்கும் அச்சு அசலாக இதே அட்டவணைதான். எங்கள் பக்கம் இடி மழை பெரும்பாலும் பிற்பகலில் வரும். பருவக்காற்று மாறுகிற ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் ஏறக்குறைய தினமும் கொட்டும். காலை ஏழு மணி வாக்கில் வெளிச்சம் வரும்போது ஏற ஆரம்பித்தால் பன்னிரண்டு, ஒரு மணிக்கெல்லாம் அடிவாரத்தில் இருக்கலாம். "ஞாயித்துக்கிழமையாவது ஒன்பது மணிக்குக் கிளம்பலாமே" என்று யாராவது கேட்டால் நான் ஒத்துக்கொள்வதில்லை. ஒன்பதுக்குக் கிளம்பி, வழியில் பசியாறி, பத்தரைக்கு ஏற ஆரம்பிக்கிறவர்கள்தான் மூன்று மணி மழையில் உச்சியில் நிற்பார்கள்.

நெற்றி விளக்கையும் பாட்டியிடமிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் போய்ப் பகலில் வருகிறோம், விளக்கு எதற்கு என்று தோன்றும். வெளியே சூரியன் மறைய ஏழு, ஏழரை ஆகும். ஆனால் மரக்கூரைக்குக் கீழே ஆறரைக்கே வேர் எது, கல் எது என்று தெரியாது. கைத்தொலைபேசியின் விளக்கு போதாது. அதைப் பிடிக்க ஒரு கை போய்விடும், இறங்கும்போது இரண்டு கையும் வேண்டும்.

அடுத்தது காலணி. இதில்தான் புதியவர்கள் பணத்தைக் கொட்டுகிறார்கள். என் தோழி, வீட்டு அலமாரியில் பல வருடம் சும்மா கிடந்த விலையுயர்ந்த மலையேற்றச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தாள். பார்க்கப் புதுசு. அரை மணி நேரத்தில் வலது கால் அடிப்பாகம் முன்பக்கம் வாயைத் திறந்தது. கொஞ்ச தூரத்தில் இடது காலும் திறந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தால் நடுவிலிருந்த மெத்தைப் பகுதி பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. இது சப்பாத்தின் குறையும் இல்லை, அவள் குறையும் இல்லை. அந்த பாலியுரித்தேன் மெத்தை காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து, உள்ளுக்குள்ளேயே சிதையும் தன்மை கொண்டது. நம் நாட்டு ஈரப்பதத்தில் போடாமல் வைத்திருந்தாலும் வயதாகிவிடும். பழைய சப்பாத்தை எடுக்கிறவர்கள் முதலில் வீட்டுப் படியில் ஏறி இறங்கி, முன்பாகத்தை நன்றாக மடக்கிப் பாருங்கள். அன்றைக்கு முதுகுப் பையிலிருந்த ஒரு கயிற்றை எடுத்து ஷூவைக் குறுக்கே கட்டி அவளை இறக்கிக்கொண்டு வந்தோம். அதிலிருந்து பையில் இரண்டு முழக் கயிறு எப்போதும் இருக்கிறது.

மறு வாரம் அவள் ஹார்ட்வேர் கடையில் 20 ரிங்கிட்டுக்குள் ஒரு ஜோடி கறுப்பு ரப்பர் ஷூ வாங்கினாள். மலேசியா முழுக்க அதற்கு அடிடாஸ் கம்போங், அதாவது கிராமத்து அடிடாஸ் என்று செல்லப்பெயர். அந்தக் கம்பெனிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. முழுக்க ஒரே ரப்பர் வார்ப்பு, ஒட்டு வேலை இல்லை, அதனால் வாய் திறக்க வழியில்லை. அடியில் குமிழ் குமிழாகப் பிடிப்பு இருக்கும், களிமண் சறுக்கலில் கெட்டியாக நிற்கும். ஓடையில் நனைந்தால் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நடக்கலாம். பால்வெட்டுக்காரர்களும் செம்பனை வெட்டுக்காரர்களும் காலங்காலமாகப் போடுவது இதைத்தான். பாட்டி அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கா கடைக்குப் போனீங்க, பெரியப்பா போட்டதே ஸ்டோர்ல கெடக்குமே" என்றார்.

குறையும் உண்டு. அடி மெல்லியது, கூரான கல் உறைக்கும். கணுக்காலுக்குத் தாங்கல் கிடையாது. தார்ச் சாலையில் நீண்ட தூரம் நடந்தால் குதிகால் வலிக்கும். கனமான காலுறை போட வேண்டியிருப்பதால் ஒரு சைஸ் பெரிதாக வாங்க வேண்டும். இறங்கும்போது விரல்கள் முன்னால் போய் இடிக்கும், அதனால் முதல் நாளே நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். இதை அலட்சியம் செய்த எத்தனையோ பேரின் கட்டைவிரல் நகம் கறுத்துக் கழன்றிருக்கிறது.

சர்க்கரை உள்ளவர்களுக்கு மட்டும் நான் இந்த ஷூவைச் சொல்ல மாட்டேன். நம்மவர்களிடம் சர்க்கரை அதிகம் என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கல் குத்தியதோ கொப்புளம் வந்ததோ தெரியாது. மெத்தையுள்ள நல்ல காலணி, நடுவில் ஒருமுறை கழற்றிப் பாதத்தைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம், இரண்டும் வேண்டும். மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களுக்கு ஏற்றத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, எரிச்சலான பேச்சு இவையெல்லாம் அறிகுறி. குளுக்கோஸ் மிட்டாயோ இனிப்புப் பானமோ பையின் அடியில் இருந்து பயனில்லை, சட்டைப் பையில் இருக்க வேண்டும். மலைக்குப் போவதை மருத்துவரிடம் முன்பே சொல்லி மருந்தளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆரம்பிக்க நல்ல இடம் எங்கள் பக்கத்தில் கிளேடாங் மலை. மெங்லெம்பு பக்கமிருந்து உச்சியில் இருக்கும் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் வரை தார்ச் சாலை போகிறது. உயரம் ஏறக்குறைய 800 மீட்டர். வழியெல்லாம் மரநிழல். காலையில் சீன அங்கிள்கள், ஆன்டிகள், மலாய்க் குடும்பங்கள், நம் ஆட்கள் எல்லோரும் நடப்பதால் தனியாக மாட்டிக்கொள்ளும் பயம் குறைவு. முதல் நாளே உச்சி என்று போகாதீர்கள். ஒரு மணி நேரம் ஏறுங்கள், திரும்பிவிடுங்கள். மறுநாள் தொடை என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். சாலையில் சில வாரம் நடந்து மூச்சு பழகிய பிறகு மண் பாதைக்கு மாறலாம். அந்தப் பாதைகள்தான் உண்மையில் காடு.

வேகக் கணக்கு ஒன்று உண்டு. 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் போட்டது. ஒரு மணிக்கு 5 கிலோமீட்டர், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. இன்றைக்கும் பல இடங்களில் இதை எடுத்துச் சொல்வார்கள். அது ஸ்காட்லாந்துக் குளிருக்கும் திறந்த மலைக்கும் சரி. வேரும் சேறும் புழுக்கமுமாக இருக்கிற நம் காட்டில் புதியவர் மணிக்கு 2 கிலோமீட்டர் போனாலே நல்ல நடை. அதனால் தூரத்தை வைத்துத் திட்டம் போடுவதை நான் விட்டுவிட்டேன். எத்தனை மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புவது என்பதை அடிவாரத்திலேயே எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொல்லிவிடுவோம். பத்தரை என்றால் பத்தரை. உச்சி பத்து நிமிடத்தில் இருக்கிறது என்று எதிரே வருகிறவர் சொன்னாலும் திரும்புவோம். எதிரே வருகிறவர் சொல்லும் பத்து நிமிடம் எப்போதும் அரை மணி நேரம்தான், அது வேறு விஷயம்.

அனுமதி பற்றி நம்மவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. மலை எல்லோருக்கும் பொது என்று நினைக்கிறோம். நிரந்தர வனக் காப்பகம் என்று அறிவிக்கப்பட்ட காட்டுக்குள் மாநில வனத்துறையின் அனுமதி இல்லாமல் போவது 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி குற்றம். அபராதம் 10,000 ரிங்கிட் வரை, அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். எந்தப் பாதைக்கு அனுமதி வேண்டும், எதற்கு மலை வழிகாட்டி கட்டாயம், எது மூடப்பட்டிருக்கிறது என்பது அவ்வப்போது மாறுகிறது. 2022 டிசம்பரில் பத்தாங் காலியில் கூடார முகாம் மீது மண் சரிந்து 31 பேர் இறந்த பிறகு மழைக்காலத்தில் மலைகளை மூடுவதில் அதிகாரிகள் முன்னைவிடக் கண்டிப்பு. போன மாதம் போன நண்பர் சொன்னார் என்று கிளம்பாமல், அந்த வாரத்திலேயே வனத்துறை அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேளுங்கள். செம்பனைத் தோட்டத்தைக் கடந்துதான் காட்டை எட்ட முடியும் என்றால் தோட்டத்து நிர்வாகத்திடமும் ஒரு வார்த்தை. வாசலில் இருக்கும் காவலாளியிடம் காரின் எண்ணையும் திரும்பும் நேரத்தையும் எழுதிக் கொடுத்தால், நாம் வராவிட்டால் தேடச் சொல்ல ஒரு ஆள் கிடைத்த மாதிரி.

செம்பனைக்குள் வழி தவறுவது காட்டில் தவறுவதைவிடச் சுலபம். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி மட்டைக் குவியல், ஒரே மாதிரி வண்டித்தடம். ஒவ்வொரு தொகுதியின் மூலையிலும் எண்ணும் நட்ட வருடமும் எழுதிய பலகை இருக்கும். திருப்பத்துக்குத் திருப்பம் அதைப் படம் எடுத்துக்கொண்டே போங்கள். வெட்டிக் குவித்த மட்டை மேல் ஏறாதீர்கள். அடியில் எலி இருக்கும், எலியைத் தேடிப் பாம்பு இருக்கும்.

காட்டுப் பாதையில் மரத்தில் கட்டிய ரிப்பன்களை அப்படியே நம்பக்கூடாது. சில உண்மையான வழி காட்டும். சில என்றைக்கோ நடந்த ஓட்டப் போட்டிக்குக் கட்டியவை, சில நில அளவைக்காரர்கள் கட்டியவை. வரைபடத்தை வீட்டிலேயே தொலைபேசியில் இறக்கிக்கொண்டு, மலையில் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். சிக்னலைத் தேடித் தேடித்தான் பேட்டரி காலியாகிறது. இடம் காட்டும் வசதி சிக்னல் இல்லாமலே வேலை செய்யும். பாதை தெரியவில்லை என்றால் நின்றுவிட வேண்டும். கடைசியாகத் தெளிவாகப் பார்த்த அடையாளத்துக்குத் திரும்ப முடிந்தால் திரும்பலாம், முடியாவிட்டால் இருந்த இடத்திலேயே இருந்து அவசர எண் 999க்கு அழைக்க வேண்டும். ஓடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் ஊர் வரும் என்று சொல்வார்கள். எங்கள் மலைகளில் ஓடையைப் பிடித்தால் அருவியின் தலைப்புக்குத்தான் போய் நிற்போம்.

காட்டில் ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்பது பாட்டியின் கட்டளை. மலாய்க்காரர்களும் அதையே சொல்கிறார்கள். நான் வாதம் செய்யவில்லை, ஆளுக்கொரு விசில் வாங்கிவிட்டேன். மூன்று முறை ஊதினால் உதவி வேண்டும் என்று அர்த்தம். தொண்டை கிழியக் கத்துவதைவிட அது தூரம் போகும். தோட்டத்து எல்லையில் இருக்கிற முனியாண்டிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் நுழைகிறோம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி அட்டை. புதியவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான், இதில் ஆபத்து குறைவு. மழை பெய்த மறுநாள் பாதையோர இலை நுனியில் நூல் மாதிரி எழுந்து நின்று, நம் மூச்சுக்கும் அதிர்வுக்கும் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டும். காலில் ஏறினால் தெரியாது. பிய்த்து இழுக்காமல், மெலிந்த முனை எதுவென்று பார்த்து, அங்கே நகத்தைத் தோலோடு ஒட்டிச் சறுக்கினால் பிடியை விட்டுவிடும். அப்புறம் மற்ற முனை. அதன் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத ஹிருடின் இருப்பதால் எடுத்த பிறகும் ரொம்ப நேரம் ஒழுகும். அழுத்திப் பிடித்து பிளாஸ்டர் போட்டால் போதும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் கவனம். பால்வெட்டுக்குப் போடும் சட்டைக்குள் புகையிலைத் தண்ணீரில் நனைத்த துணி வைப்பார்களாம் அந்தக் காலத்தில். நாங்கள் முழங்கால் வரை காலுறையை இழுத்து, காற்சட்டையை அதற்குள் விட்டு, புகையிலை ஊறிய தண்ணீரை மேலே தடவுகிறோம். வேலை செய்கிறது, நாற்றம்தான் சகிக்காது.

அட்டையைவிட ரோத்தான் (பிரம்பு) கொடி மோசம். பள்ளிக்கூடத்தில் பார்த்த ரோத்தானில் முள் இல்லை. காட்டில் அது சாட்டை மாதிரி தொங்கி, வளைந்த முள்ளால் சட்டையைப் பிடிக்கும். முன்னால் இழுத்தால் கிழியும். ஒரு அடி பின்னால் வைத்து, முள்ளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். சறுக்கும்போது கைக்கு எட்டியதைப் பிடிக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். பிடித்தது ரோத்தானாக இருக்கும், அல்லது தொட்டால் தோல் வெந்துபோகும் ரெங்காஸ் மரமாக இருக்கும்.

சாப்பாட்டில் நாசி லெமாக் வேண்டாம். தேங்காய்ப்பால் சோறு பையின் சூட்டில் மதியத்துக்குள் நொந்துவிடும். புளிச்சோறு அருமை. உப்பும் புளியும் அந்த வியர்வைக்குச் சரியாக இருக்கும், கெடவும் கெடாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், இடையில் வாயில் போட உப்புப் போட்ட அசாம் போய் (காய்ந்த பிளம் பழம்). பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போனால் அடிவாரக் குரங்கு பறித்துவிடும். பறித்தால் விட்டுவிடுங்கள், இழுக்காதீர்கள்.

செம்மோர் பக்கம் உலு செப்போர் மாதிரி ஆற்றோரங்களில் நடந்தவர்களுக்குத் தெரியும், இறங்கி வந்ததும் தண்ணீரில் காலை விடாமல் இருக்க முடியாது. இங்கேதான் உண்மையான ஆபத்து. நம் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மேலே மலையில் மழை பெய்தால் வெள்ளம் ஒரே மூச்சில் இறங்கும். மலாயில் கெப்பாலா ஆயெர் என்பார்கள். தெளிந்த தண்ணீர் சட்டென்று கலங்குகிறது, இலையும் குச்சியும் மிதந்து வருகின்றன, மேலேயிருந்து இரைச்சல் கேட்கிறது என்றால் பையை எடுக்கக்கூட நிற்காமல் கரை ஏறுங்கள். மேலே மேகம் கறுத்திருந்தால் இறங்கவே வேண்டாம். பாதை ஓடையைக் கடந்து போகிறது, தண்ணீர் முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடுகிறது என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். வடியும்வரை இந்தக் கரையிலேயே காத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் துணியைக் குளியலறையிலேயே கழற்றி, இடுப்பு மடிப்பு, முழங்கால் பின்புறம், அக்குள் எல்லாம் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் ஷூவைக் கழுவி நிழலில் கவிழ்த்து வைத்தால் போதும், வெயிலில் போட்டால் வெடித்துவிடும். அப்புறம் ஒன்று. ஓடையில் இறங்கியிருந்து, அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால் பனடோல் போட்டுவிட்டு வீட்டில் படுக்காதீர்கள். எலிக் காய்ச்சலாக இருக்கலாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் தோலில் உள்ள கீறல் வழியாக உடம்புக்குள் போய் வருவது அது. டெங்கி காலத்தில் எல்லாக் காய்ச்சலையும் டெங்கி என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அதனால் எந்தத் தேதியில் எந்த ஆற்றில் இறங்கினீர்கள் என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.